நடைபாதையில் மணியும் சங்கிலியும்



கொழும்பை அண்டிய ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதமொன்று அனுப்பியிருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, நீர்நிலையொன்றைச் சுற்றி நடைபாதை அமைத்திருக்கிறார்கள். ஸுபஹ் தொழுதுவிட்டு மருமகளுடன் அங்கே போய் வருவது எட்டு மாதமாகப் பழகிவிட்டதாம். சீனியின் அளவும் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு நாள் பின்னாலிருந்து வந்த சைக்கிள்காரர் மிக அருகில் வந்த பிறகே மணியடித்திருக்கிறார். திடுக்கிட்ட சகோதரி வலப்பக்கம் பாய்ந்தார். சைக்கிளும் அந்தப் பக்கத்தால்தான் வந்தது. கைப்பிடி முழங்கையில் பட்டு விழுந்து, மணிக்கட்டு எலும்பு வெடித்துவிட்டது. மாவுக்கட்டு அவிழ்த்துத் திரும்பவும் நடக்கத் தொடங்கிய வாரத்திலேயே, சங்கிலியில்லாமல் வந்த வளர்ப்பு நாயொன்று அபாயாவை முகர்ந்து உரசிக்கொண்டு போனது. நாய்க்கு உரியவர் தூரத்திலிருந்து "ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம்" என்று சிரித்தாராம். சகோதரி வீட்டுக்கு வந்து முழு அபாயாவையும் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவியிருக்கிறார். "இனி நடந்தது போதும், வீட்டு முற்றத்திலேயே நடங்கள்" என்று கணவர் சொல்லிவிட்டார்.

"மௌலவி அவர்களே, அபாயாவைக் கழுவியது சரிதானா? இந்தப் பாதையில் எனக்கும் உரிமை இருக்கிறதா, அல்லது நான்தான் ஒதுங்கிப் போக வேண்டுமா?" என்று கேட்கிறார்.

முதலில் இரண்டாவது கேள்வி. உங்களுக்கு உரிமை இருக்கிறது. இது இன்று நேற்று வந்த உரிமையுமல்ல. கொழும்பில் உலாவுவதற்கென்றே முதன்முதலில் அமைந்த இடங்களில் ஒன்று காலிமுகத்திடல். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த அந்த நடைபாதையில் ஒரு நினைவுக் கல் நாட்டப்பட்டது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதனைப் பேணுமாறு தமக்குப் பின் வரும் ஆளுநர்களை அவர் அக்கல்லில் கேட்டுக்கொண்டார். அதே பாதையில் இன்று பெண் ஒருவர் ஒதுங்கிப் போக வேண்டுமா என்று கேட்கும் நிலை வந்திருப்பதுதான் யோசிக்க வேண்டிய விடயம்.

2009 க்குப் பிந்திய ஆண்டுகளில் நடைபாதைகள் பல இடங்களில் வந்துவிட்டன. சுதந்திரச் சதுக்கத்தைச் சூழவும், தியவன்னா ஓயாக் கரையிலும், போரலஸ்கமுவையில் வெரஸ் கங்கைக் கரையிலும் காலை மாலை ஜனங்கள் நிறைந்திருக்கிறார்கள். கண்டி வாவியைச் சுற்றியுள்ள மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய பாதையைப் பற்றி மலைநாட்டுச் சகோதரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. நடப்பவர், ஓடுபவர், தள்ளுவண்டியில் குழந்தையுடன் வருபவர், நாயைக் கூட்டி வருபவர் என்று எல்லோருக்கும் இடம் தேவை. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்று அலுத்தவர்கள் சைக்கிள் வாங்கினார்கள். அன்று தேவைக்காக வாங்கிய சைக்கிளை இன்று தேகப்பயிற்சிக்காக மிதிப்பவர்களும் உண்டு. நல்ல பழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாதையின் அகலம் கூடவில்லையே!

ஃபிக்ஹு சட்ட அறிஞர்கள் இவ்விடயத்தில் ஓர் அடிப்படை வைத்திருக்கிறார்கள். பொதுப் பாதையைப் பயன்படுத்துவது எல்லோருக்கும் ஆகுமானது, ஆனால் பிறருக்குத் தீங்கு நேராமலிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஆகுமானது என்கிறார்கள். அந்த நிபந்தனையின் பாரம் யார் மீது கூடுதலாக விழும்? பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு போகிறவர் அவற்றின் கூர்முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. அம்பு வைத்திருப்பவரைப் பார்த்து "அம்பைப் பிடி" என்றார்களே தவிர, கூட்டத்தைப் பார்த்து "நீங்கள் ஒதுங்குங்கள்" என்று சொல்லவில்லை. அதே போல, வாகனத்தில் செல்பவர் நடந்து செல்பவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்பதும் நாம் அறிந்த ஸுன்னத்துத்தான். உயரத்திலும் வேகத்திலும் இருப்பவர் முந்திக்கொண்டு, "என்னால் உமக்குத் தீங்கில்லை" என்று அறிவிக்கிறார்.

பிரித்தானியாவின் வீதி ஒழுங்கு நூலில் 2022 ஜனவரியில் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். யாரால் பிறருக்குக் கூடிய சேதம் விளையுமோ அவருக்கே கூடிய பொறுப்பு என்பது அதன் சாரம். லொறிக்காரர் கார்க்காரரையும், கார்க்காரர் சைக்கிள்காரரையும், சைக்கிள்காரர் நடப்பவரையும் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். அம்பு முனையைப் பற்றிய அந்தக் கட்டளையை ஓதிய நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. நமது வாலிபர்களின் சைக்கிள் மிதிப்பில்தான் அதைக் காணவில்லை.

சைக்கிள் மணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் சைக்கிள் மிதிக்கும் மகன் இருப்பார், அவருக்கு இப்பகுதியை வாசித்துக் காட்டுங்கள். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு வினாடியில் ஐந்தரை மீற்றர் கடந்துவிடும். ஐந்து மீற்றர் பின்னால் வந்து மணியடித்தால், நடப்பவருக்கு இருப்பது ஒரு வினாடிதான். அந்த ஒரு வினாடியில் மனிதர் யோசிப்பதில்லை, பாய்கிறார். எந்தப் பக்கம் பாய்வார் என்பது அவருக்கே தெரியாது. கடிதம் எழுதிய சகோதரிக்கு நடந்தது இதுதான். இருபத்தைந்து, முப்பது மீற்றர் தூரத்தில் ஒரு தடவை மெதுவாக மணியடித்தால் ஐந்தாறு வினாடி கிடைக்கும். திரும்பிப் பார்க்கலாம், பக்கத்தில் வரும் பிள்ளையின் கையைப் பிடிக்கலாம். மணியடித்த பிறகும் வேகத்தைக் குறைத்தே கடக்க வேண்டும். மணி என்பது வருகையை அறிவிக்க, "விலகு" என்று அதட்டுவதற்கல்ல. நடப்பவருக்குக் காது கேளாமலிருக்கலாம், வயோதிபராக இருக்கலாம். இடமில்லாவிட்டால் இறங்கி உருட்டிக்கொண்டு போவதில் என்ன வெட்கம்?

முற்காலத்து ஹிஸ்பா நூல்களில், அதாவது சந்தைகளையும் வீதிகளையும் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளைச் சொல்லும் நூல்களில், ஓர் அருமையான செய்தி உண்டு. சுமை ஏற்றிய மிருகங்களின் கழுத்தில் மணிகளைக் கட்டச் செய்ய வேண்டும். பார்வையற்றவரும், கவனமில்லாமல் நிற்பவரும், சிறுவர்களும் சத்தம் கேட்டு ஒதுங்கிக்கொள்வதற்காக. பல நூறு ஆண்டுகளுக்கு முன் கோவேறு கழுதைக்குக் கட்டாயமாக இருந்த மணி, இன்று ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் சைக்கிளில் இல்லை! "பாரம் கூடும்" என்று கழற்றி வைத்திருக்கிறாராம் ஒரு தம்பி. நமது நாட்டில் மணிக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. தமிழில் கத்துவதா, சிங்களத்தில் கத்துவதா என்று யோசிக்க வேண்டியதில்லை.

இனி நடக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். பொறுப்பு சைக்கிள்காரருக்குக் கூட என்றேன், நமக்கு இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. நான்கு பேர் கைகோத்தது போல் பாதையை அடைத்துக்கொண்டு, ஊர்க் கதையெல்லாம் பேசிக்கொண்டு நடப்பதை எல்லா நடைபாதைகளிலும் காண்கிறேன். இருவர் இருவராக நடங்கள். பேச்சு சுவாரஸ்யமாகி நிற்க வேண்டியிருந்தால் பாதையை விட்டு இறங்கி நில்லுங்கள். வாகனங்கள் ஓடும், நடைபாதையில்லாத வீதியில் எதிரே வருவதைப் பார்த்து வலப்பக்கமாக நடக்க வேண்டும் என்று பாடசாலையில் படித்திருப்போம். அது வீதிக்குரிய ஒழுங்கு. சைக்கிளும் ஆட்களும் பகிர்ந்துகொள்ளும் பூங்காப் பாதையில் எல்லோரும் இடப்பக்கமாகப் போவதும், வேகமாகச் செல்பவர் வலப்பக்கத்தால் கடப்பதுமே குழப்பமில்லாதது. அங்கே வேறு விதமாக அறிவித்தல் பலகை இருந்தால் அதன்படி நடக்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டால் பாய வேண்டாம். போகும் நேர்கோட்டிலேயே தொடர்ந்து நடங்கள், கடப்பது அவருடைய வேலை. விபத்துக்குப் பெரிய காரணம் மெதுவாக நடப்பதல்ல, திடீரென்று திசை மாறுவதுதான். திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலால் ஒரு தடவை பாருங்கள். ஹிஜாபின் ஓரம் கண்ணின் பக்கப் பார்வையைக் கொஞ்சம் மறைக்கும், ஆகவே கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, முகத்தையே திருப்ப வேண்டும்.

இன்னொன்று. ஸுபஹ் தொழுத கையோடும், மஃரிபுக்குச் சற்று முன்னும் வெளிச்சம் குறைவு. கறுப்பு அபாயா, கறுப்பு ஹிஜாப், மர நிழல். சைக்கிள்காரர் கண்ணில் நீங்கள் படுவதேயில்லை. மேலே ஒரு வெளிர் நிறத் துப்பட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி ஒன்றைக் கையிலோ பையிலோ கட்டிக்கொண்டாலும் நல்லது. காதுகளில் இயர்போன் மாட்டிக்கொண்டு பயான் கேட்டபடி நடப்பதாகச் சில சகோதரிகள் பெருமையாகச் சொன்னார்கள். பயான் கேட்பது நன்மைதான், ஆனால் ஒரு காதையாவது பாதைக்கு விட்டுவையுங்கள்.

நாய் விடயத்துக்கு வருவோம். சகோதரி கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நாய் கடுமையான நஜீஸ். அதன் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒன்று மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். இது எல்லோரும் அறிந்தது. அறியாதது என்னவென்றால், உலர்ந்த நாய் உலர்ந்த துணியில் உரசினால் நஜீஸ் ஒட்டாது என்பது. ஈரம் ஒரு பக்கத்திலாவது இருந்தால்தான் அசுத்தம் பரவும். மழை பெய்து நனைந்த நாய் உரசினாலோ, மூக்கின் ஈரமோ எச்சிலோ பட்டது நிச்சயமாகத் தெரிந்தாலோ பட்ட இடத்தை மட்டும் கழுவினால் போதும், முழு அபாயாவையும் அல்ல. ஈரம் பட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் துணி சுத்தமானதுதான், ஏனெனில் சந்தேகத்தால் உறுதி நீங்காது. நாய் தொட்டதால் வுழூவும் முறியாது. ஹனஃபி மத்ஹபில் எச்சில்தான் அசுத்தம், உடல் அல்ல. மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானது. மத்ஹபை மாற்றச் சொல்லவில்லை. இமாம்களே இவ்வளவு விரிவாகப் பேசிய ஒரு விடயத்துக்காக உடல்நலத்துக்குத் தேவையான நடையை விட்டுவிட வேண்டியதில்லை என்பதற்காகவே சொன்னேன்.

நஜீஸ் என்பது வெறுப்புக்கு அனுமதிப் பத்திரமும் அல்ல. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டிருந்த நாய்க்குத் தன் காலணியில் நீர் அள்ளிக் கொடுத்த ஒரு பெண்ணை, அவள் பாவ வாழ்க்கை வாழ்ந்தவளாக இருந்தும், அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸ் நமது பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படியிருந்தும் பாதையில் நாயைக் கண்டதும் கல்லைத் தேடுகிறார்கள். கல்லெறியப்பட்ட நாய் அடுத்த முறை, கல்லெறியாத வேறொரு பிள்ளையைத்தான் கடிக்கும்.

நாய்க்குப் பயப்படுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடாதீர்கள். ஓடும் எதையும் துரத்துவது நாயின் இயல்பு. நின்று, கைகளை உடலோடு அணைத்துக்கொண்டு, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, மரம் போல அசையாமல் நின்றால் பெரும்பாலான நாய்கள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். கத்தினாலும் துணியை உதறினாலும் அதற்கு விளையாட்டாகவோ சண்டையாகவோ தோன்றும். இதை வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே பழக்குங்கள். சைக்கிளில் போகும்போது நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தமக்கும் இடையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

நாயைக் கூட்டி வருபவர்கள் பெரும்பாலும் இந்தப் பத்திரிகையை வாசிப்பதில்லை. ஆனால் நமது அயலவர்கள் அவர்கள். மரியாதையாகச் சொன்னால் கேட்பார்கள். "ஒன்றும் செய்யாது" என்பது அவருக்குத் தெரியும், எதிரே வருபவருக்குத் தெரியாது, நாயைக் கண்டு மிரளும் குழந்தைக்கும் தெரியாது. இங்கேதான் அம்பின் முனையைப் பிடிக்கச் சொன்ன கட்டளை நினைவுக்கு வருகிறது. சங்கிலி இருக்க வேண்டும், அதுவும் கட்டையாக. இழுக்க இழுக்க ஐந்து மீற்றர் வரை நீளும் பட்டி ஒன்று கடைகளில் விற்கிறார்கள். நாய் பாதையின் அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம், நடுவே மெல்லிய கயிறு. அதிகாலையில் வரும் சைக்கிள்காரருக்கு அது கண்ணியாகிவிடும். நாயை ஆட்கள் கடக்காத ஓரத்தில் பிடித்துக்கொள்வதும், அது கழித்ததைப் பையில் அள்ளிக்கொண்டு போவதும் அவருடைய கடமை. மிருகத்தோடு கூடவே இருப்பவர் அது செய்யும் சேதத்துக்குப் பொறுப்பாளி என்பது நமது ஷாஃபிஈ சட்டம். மிருகத்தைக் கவனயீனமாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து விளைவிப்பது இந்நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையிலும் குற்றம்தான்.

வளர்ப்பு நாயைவிடத் தெருநாய்தான் கூடுதல் பிரச்சினை என்று சில சகோதரிகள் சொல்வார்கள். 2006 முதல் இந்நாட்டில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை. பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு விடும் வழியே கடைப்பிடிக்கப்படுகிறது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு முந்நூறுக்கு மேற்பட்டோரைக் கொன்ற விசர்நாய்க்கடி நோய், அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பது பேர் என்ற அளவுக்குக் குறைந்திருப்பதில் தடுப்பூசிக்குப் பெரும் பங்குண்டு. ஆனாலும் குறிகள் தோன்றிய பின் அந்நோய்க்கு மருந்தில்லை என்பதை மறக்கக் கூடாது. கடித்தாலும், நகத்தால் கீறினாலும், உடனே ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். ஏழு முறை என்ற கணக்கைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, கோப்பித் தூள் எதுவும் பூச வேண்டாம். அன்றைய தினமே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள், தடுப்பூசி அங்கே இலவசம். "வீட்டு நாய்தானே" என்று வெட்கப்பட்டு மறைக்கும் பிள்ளைகள் உண்டு. கேட்டு அறிந்துகொள்வது உம்மாவின் கடமை.

சகோதரியின் கணவருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அக்கறையால்தான் தடுத்தீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாரத்தில் 150 நிமிட நடை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது முற்றத்தில் நான்கு எட்டுப் போட்டுத் திரும்புவதையல்ல. மூச்சு வாங்கும் வேகத்தில் நடப்பதைத்தான். வயதான மனைவிக்கு மணிக்கட்டு உடைந்தது பெரிய கவலைதான். நடக்காமலிருந்து சீனி ஏறிக் காலில் புண் வந்தால் அதைவிடப் பெரிய கவலை. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்தார்கள். முதலில் அவர் வென்றார், பின்னொரு நாள் நபியவர்கள் வென்றார்கள். நீங்கள் ஓட வேண்டாம் காக்கா, மனைவியின் வலப்பக்கமாக நடந்து போங்கள். அந்தப் பக்கத்தால்தான் சைக்கிள் வரும்.

பாதையிலுள்ள குறைகளைப் பாதையில் நின்று சண்டை பிடித்துத் தீர்க்க முடியாது. சிங்கப்பூரில் 2019 இல் நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீற்றர், சைக்கிளும் ஆட்களும் பகிரும் பாதையில் 25 கிலோமீற்றர் என்று சட்டமே போட்டார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, ஒரு கோடும் ஒரு பலகையும் போதும். உங்கள் பாதை மாநகர சபையின் பொறுப்பிலா, பிரதேச சபையின் பொறுப்பிலா என்று முதலில் விசாரியுங்கள். அங்கே நடக்கும் சிங்கள, தமிழ்ச் சகோதரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய முழங்கையிலும் சைக்கிள் படுகிறது. நாயோடு வரும் ஒருவரும் சைக்கிளில் வரும் ஒருவரும் கையொப்பமிட்டால் கடிதத்துக்கு இன்னும் கனம் கூடும். பாதையின் நடுவே ஒரு மஞ்சள் கோடு, வளைவுகளில் "மெதுவாக" என்ற அடையாளம், நாய்கள் சங்கிலியில் இருக்க வேண்டும் என்று மூன்று மொழிகளிலும் ஒரு பலகை, நாய்க் கழிவைப் போட மூடியுள்ள தொட்டி, இருளான இடங்களில் ஒரு விளக்கு. இவ்வளவையும் கேட்டு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.